வரென்னாவில் தோழி ஏறாத படகு

2024 மே 14, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். முடிச்சூரிலிருந்து கொண்டுவந்த காபிப் பொடியில் டிகாக்‌ஷன் இறக்கினேன். குளித்துவிட்டு ரவை உப்புமா கிளறினேன். இத்தாலிக்கு வந்த நான்கு நாட்களாக இதே ஒழுங்குதான்.

வரென்னா, மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கோமோ ஏரிக்கரையில் மிகப் பழைய, மிகச் சிறிய ஊர். தெருக்கள் என்பவை பெரும்பாலும் கல்படிகள்; எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். என் தோழி ஹெலன் இங்கே ஆறு ஆண்டுகளாக லூச்சியா என்ற எண்பத்தாறு வயது அம்மாளை, அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறாள்.

வந்த அன்றே கவனித்தேன்: ஹெலனின் அறையில் தரையில் ஒரு பொருளும் இல்லை. செருப்புகூட அலமாரி மேல். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல். வீடோ மலைச்சரிவில், ஏரிக்கு மூன்று மாடி உயரத்தில் இருக்கிறது.

"இங்க தண்ணி வரணும்னா இத்தாலியே முழுகணும்டி" என்றேன்.

"அனகாபுத்தூர்லயும் அப்படித்தான் சொன்னாங்க."

அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாறு அவள் தெருவுக்குள் புகுந்தபோது, கழுத்தளவு நீரில் கயிற்றைப் பிடித்து வெளியே வந்தவள். எங்கள் வீட்டு பிரிட்ஜும் இன்றுவரை மேடை மேல்தான் நிற்கிறது.

ஆறு ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. இப்போது ஏறியாக வேண்டும். ஜூனிலிருந்து லூச்சியா அம்மாள் எதிர்க்கரையில் மெனாஜ்ஜோவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஹெலன் தங்க இடமில்லை. இந்த வீட்டிலிருந்தே தினமும் போய் வர வேண்டும். படகில் பதினைந்து நிமிடம். சாலை வழி ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது, நேரடி பஸ் கிடையாது. வருகிறாளா இல்லையா என்று நாளை, புதன்கிழமைக்குள் அந்த மகளுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த ஊரிலேயே வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். குரோம்பேட்டையில் படிக்கும் ஹெலனின் மகனுக்கு அவள் சம்பளம்தான் எல்லாம்.

பத்து மணிக்கு அம்மாளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் துறைக்குப் போனோம். சீட்டு நான்கு யூரோ அறுபது. ஏறக்குறைய நானூற்றுப் பதினைந்து ரூபாய். கார்களையும் ஏற்றும் பெரிய படகு. கரைக்கும் படகுக்கும் நடுவே இரும்புப் பலகை. அதன் ஓரத்தில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்து ஹெலன் நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, பேஜாரா கீது" என்றாள். இத்தனை வருடத்தில் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்த பேச்சு.

படகுக்காரர் "அவாந்தி, அவாந்தி" என்று கையை வீசினார். முன்னால் வரச் சொல்கிறார். அவள் வரவில்லை. படகு போய்விட்டது.

அடுத்த படகு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். படகு வந்ததும் அவளே எழுந்தாள்.

"நீ முன்னால நட. நின்னுடாத, திரும்பிப் பாக்காத. அன்னிக்கு எங்களை அப்படித்தான் கூட்டினு வந்தாங்க. முன்னால போறவங்க பிடரிய மட்டும் பாருன்னாங்க."

என் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். நான் நடந்தேன். துப்பட்டா கழுத்தை இழுத்தது, பலகையின் மேல் காலடி ஓசை எனக்குப் பின்னாலும் கேட்டது.

பதினைந்து நிமிடமும் அவள் கார்களுக்கு நடுவே, யாரோ ஒருவருடைய சிவப்புக் காரைப் பிடித்தபடியே நின்றாள். காரிலிருந்தவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார். இவளும் ஏதோ சொன்னாள்.

"என்ன கேட்டார்?"

"காரை ஏம்மா புடிச்சினு நிக்கிறன்னாரு. நல்ல கார், அதான்னேன்."

மெனாஜ்ஜோவில் இறங்கி இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். திரும்பும்போதும் துப்பட்டா அவள் கையில்தான் இருந்தது. இரவு சாப்பிடும்வரை லூச்சியா அம்மாளின் மகளுக்கு அவள் போன் செய்யவில்லை. நான் ஊருக்குக் கிளம்பிவிட்டால் யார் முன்னால் நடப்பார்கள் என்ற எண்ணம் என்னை வெகுநேரம் தூங்கவிடவில்லை.

மறுநாள் என்னை எழுப்பியது போன். அவள் படுக்கை காலி.

"கலா, அம்மாவுக்குப் பால் காய்ச்சிக் குடுத்துடு. முதல் படகுல இருக்கேன். அவங்க மககிட்ட நேர்லயே சொல்லிட்டு வந்துடறேன்." பின்னால் எஞ்சின் இரைந்தது. "மேல் தட்டுல நிக்கிறேண்டி. கைய ஆட்டுறேன், தெரியுதா?"

வாசல் கல்படிக்கு ஓடினேன். ஏரி நடுவே படகு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. மனிதர்கள் தெரியவில்லை. "தெரியுதுடி" என்று சொல்லி, கையில் கிடைத்த துண்டைத் தலைக்கு மேல் வீசினேன். அதன் பிறகுதான் பல் விளக்கினேன்.