ஏழு பல் பின்னால்

இது நடந்தது. நான் கதை கட்டுகிறவன் அல்ல. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுதிப் பழக்கமில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வயதுக்குள் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் வாயால் சொன்னதில்லை. கையால் செய்தது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

பேய் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்ததெல்லாம் பகலில். முக்கியமானது பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போது.

அப்பாவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு. இரண்டே இருக்கை. மடித்துப் போடுகிற துணிக்கூரை. கம்பிச் சக்கரங்கள். அது தெருவில் திரும்பினால் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். ஒரு விபத்து நடந்து, வழக்கு முடிந்த ஒரே வாரத்தில் அப்பா அதை விற்றுவிட்டார். சைக்கிளில் வந்த தபால்காரர் அந்த விபத்தில் இறந்துபோனார். ஓட்டியவன் எங்கள் வீட்டு ஓட்டுநர். ஆறடிக்கு மேல் உயரம். நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், சிறைக்குப் போனான், இரண்டாம் வருடம் அங்கேயே காய்ச்சலில் செத்தான். ஐம்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் சொல்லப்படும் விவரம் இதுதான். யார் சொன்னாலும் நான் மறுத்ததில்லை.

போன வருடம் ஒரு விற்பனை விளம்பரத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன். நிறம் மங்கியிருந்தது. பதிவு எண் மாறியிருந்தது. நேரில் போய் முன்மூடியைத் தூக்கிச் சேசிஸ் எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அதே எண். எங்கள் வீட்டு வண்டி கண்டவர்கள் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடப்பதா? அன்றே வாங்கினேன்.

விற்றவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எடுத்துட்டுப் போனா போனதுதான் சார். திருப்பி வாங்க மாட்டேன்."

"எங்க வீட்டு வண்டி எங்க வீட்டுக்குப் போகுது. திரும்பி எதுக்கு வரப்போகுது?"

கூடவே ஒரு கனமான கோப்பைக் கொடுத்தார். இதுவரை இந்த வண்டிக்குச் செய்த எல்லா வேலைகளின் ரசீதுகளும் அதில் இருந்தன. எட்டுப் பேர் கை மாறியிருக்கிறது. என் அப்பாவின் வண்டியைப் பற்றி மற்றவர்களின் ரசீதைப் படித்தா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? கோப்பை அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

அந்தக் கர்வத்துக்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

வண்டி வீட்டுக்கு வந்தது. மருமகள் சுற்றிவந்து பார்த்தாள்.

"மாமா, ரெண்டே சீட்டுதானா? அப்ப நாங்கள்லாம் பின்னாடி ஓடி வரணுமா?"

மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற ஆள். ஒரு மணி நேரம் கேட்டார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு பாக்கற மாதிரி பாக்காதீங்க சார். கல்யாணம் முடிஞ்சிருச்சு. இனிமே செலவு மட்டும்தான்."

கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பிரேக் குழாய்களை மாற்ற வேண்டும். வாரம் இரண்டு முறையாவது ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வண்டி சும்மா நின்றால்தான் சீக்கிரம் கெடும் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"எல்லாத்தையும் பாருங்க. டிரைவர் சீட்டை மட்டும் தொடாதீங்க."

"ஏன் சார்?"

"சொன்னதைச் செய்யுங்க."

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு ஷெட்டைத் திறந்தேன். தார்ப்பாயை எடுத்தேன். வண்டிக்குள் காலை வைத்தேன். இடது முழங்கால் ஸ்டீயரிங்கில் போய் மோதியது. உயிர் போகிற வலி.

இருக்கை முன்னால் வந்திருந்தது.

நானும் உயரமானவன். காலையில்தான் அதில் உட்கார்ந்து ஓட்டினேன். ஷெட்டுக்கு ஒரே சாவி. அது என் இடுப்பில் இருந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். நகர்த்துகிற கைப்பிடி அகப்பட்டது. விரல் தடிமன். வண்டி முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் சில்லென்று இருந்தது. இழுத்தேன். இலகுவாக இசைந்து கொடுத்தது. இருக்கையைப் பின்னால் தள்ளினேன். அது நகரும் தண்டில் வெட்டியிருந்த பற்களில் ஒவ்வொரு பல்லாக விழுந்தது.

டக்... டக்... டக்...

ஏழு.

மருமகளைக் கூப்பிட்டுக் கண்டித்தேன்.

"மாமா, எனக்கு அந்தக் கதவைத் திறக்கவே தெரியாது. அது மேல தூசி விழுந்தாலே என்னைத்தான் திட்டுவீங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

சனிக்கிழமை, மறுபடி முன்னால். தள்ளினேன். ஏழு பல். திங்கள், மறுபடி. ஏழு பல். வேலையில் கற்ற புத்தி... அளந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஏழு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. இருக்கையின் காலிலிருந்து தரைக்கு ஒட்டும் நாடா ஒட்டி, அதில் என் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் இருக்கை முன்னால் இருந்தது. நாடா கிழியவில்லை. சுருங்கவில்லை. ஒட்டிய இடத்தில் ஒட்டியபடியே இருந்தது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். திரும்பி வருவேன். உட்கார்வேன். மறுபடி எழுந்து போவேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஓர் இருக்கை நகர்ந்தால் என்ன? எண்ணெய் போட்டால் போகிறது.

ஏழு பல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

அந்த ஓட்டுநரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் யார் வண்டி எடுக்கிறார்களோ, அவர்கள் உயரத்துக்கு இருக்கையை முன்கூட்டியே நகர்த்தி வைப்பான். கண்ணாடியைத் துடைப்பான். கதவைத் திறந்து நிற்பான். ஏறியதும் இரண்டு கையாலும் சாத்துவான். முதலில் மெல்ல ஒரு 'தொப்'. பிறகு அழுத்தி ஒரு 'டக்'. அப்பாவுக்கு ஓர் அளவு. எனக்கு ஓர் அளவு. சின்னம்மா என்று அவன் அழைக்கும் என் தங்கைக்கு ஓர் அளவு. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஐந்தடி கூட இல்லை.

விபத்து நடந்த அன்று வண்டியை ஓட்டியது தங்கை. மணி இரண்டு நாற்பது.

அவளை அப்பா வேறொரு வண்டியில் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "போலீஸ் வர்றதுக்குள்ள அந்த சீட்டைப் பின்னாடி தள்ளிடு" என்றார். எனக்கு இருபது வயது. தள்ளினேன். ஏழு முறை 'டக்' என்றது. நீதிமன்றத்தில் ஓட்டுநர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சின்னம்மாவுக்கு நான்தான் சீட்டை வெச்சேன். போய்ப் பாருங்க. என் கால் அதுல நுழையாது." பார்த்தார்கள். இருக்கை பின்னால் இருந்தது. தீர்ப்பில் அதையே எழுதினார்கள்.

தங்கைக்கு இது தெரியாது. ஓட்டுநர் தானாகவே பழியை ஏற்றுக்கொண்டான் என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுப் பெயர் அதில்தான் நின்றுகொண்டிருந்தது.

பதினோராவது முறை. ஞாயிற்றுக்கிழமை காலை. கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். விரலை எடுக்கப் போனேன். வரவில்லை. எதிலோ சிக்கிக்கொண்டது போல... ஒரு நொடி... இரண்டு நொடி. பிறகு விட்டது. துரு என்று நினைத்தேன்.

அன்று மதியம் மெக்கானிக் பிரேக் வேலைக்கு வந்திருந்தார். குழாயில் இருக்கும் காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். என் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது, மடக்கி உள்ளே ஏற முடியாது.

அப்போது வாசலில் டாக்சி நின்றது. தங்கை இறங்கினாள். நான் வண்டி வாங்கியதை அவளிடம் சொல்லவில்லை. மருமகள் சொல்லியிருக்கிறாள். ஷெட் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொட்டதில்லை.

"பெடல் மிதிக்க ஆள் வேணும்மா," என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியிலிருந்து.

"நான் மிதிக்கறேன்."

"வேண்டாம்," என்றேன்.

"ஏண்ணா? வண்டிதான் நிக்குதே."

மணி பார்த்தேன். இரண்டு முப்பத்தெட்டு.

இருக்கை பின்னால் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அவள் கதவைத் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள்.

டக்.

ஒன்று, என்று எண்ணினேன்.

டக்... டக்...

மெக்கானிக் அடியில் கிடந்தார். அவர் கை இரண்டும் சக்கரத்தில். நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

டக்... டக்... டக்...

அவள் உட்கார்ந்தாள்.

டக்.

அவள் கதவைத் தொடவில்லை. நான் தொடவில்லை.

தொப்.

டக்.

கதவு சாத்தியிருந்தது.

"மிதிங்கம்மா," என்றார் மெக்கானிக். மிதித்தாள். "விடுங்க." விட்டாள். "கடைசி வரைக்கும் மிதிங்க." பெடல் தரையைத் தொட்டது. அவள் முகம் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. அதில் ஒரு வாரத் தூசி. அவள் பக்கம் மட்டும் யாரோ துணியால் துடைத்த மாதிரி ஒரு வளைவு.

"அண்ணா... சீட்டு எனக்குச் சரியா இருக்கு. நெட்டையண்ணன் வெக்கற மாதிரியே."

மணி பார்த்தேன். இரண்டு நாற்பது.

"அன்னைக்கும் இப்படித்தானே இருந்துச்சு? அப்புறம் கோர்ட்ல மட்டும் பின்னாடி இருந்துச்சாமே. வண்டி வந்திருக்குன்னு கேட்டதும் ஒரு வக்கீலைப் பிடிச்சேன், நேத்துதான் சொன்னார். பழைய கேஸ் பேப்பர் எல்லாம் படிக்கறவர். யார் தள்ளினது?"

மெக்கானிக் அடியில் அசையவில்லை. ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது.

நினைத்திருந்தால் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நான்தான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை, அழவில்லை. இறங்கிப் போய் டாக்சியில் உட்கார்ந்துகொண்டாள். போகும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"நெட்டையண்ணனுக்கு ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்குப் போறோம். ரெண்டு பேரும்."

போனோம். அந்தப் பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரும் உயரம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோயிருந்தேன். நின்றபடியே படித்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"இதை எங்கிட்ட குடுத்து என்ன பண்றது? எங்க அப்பா செய்யலன்னு எங்களுக்கு எப்பவும் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெயர் போகட்டும். அவர் பெயர் நிற்கட்டும்.

திரும்பி வந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அந்த இருக்கையை ஏழு பல் முன்னால் வைத்து, இனி யாரும் நகர்த்த முடியாதபடி வெல்டிங் செய்யச் சொன்னேன். அன்று இருந்தபடியே அது இருக்க வேண்டும். நான் அதில் உட்கார வேண்டியதில்லை.

அரை மணி நேரத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார்... இது ஏற்கெனவே வெல்டிங் பண்ணினது. பின்னாடி வெச்சு. நாலு காலும். பழைய வெல்டிங், மேல துரு ஏறிக் கிடக்கு. ஒரு நூல் கூட நகராது."

குனிந்து பார்த்தேன். உண்மை.

"அன்னைக்கு அம்மா பெடலைக் கடைசி வரைக்கும் மிதிச்சாங்களே சார்? இங்க உக்காந்தா அவங்க கால் எப்படி எட்டும்?"

அலமாரியைத் திறந்தேன். கோப்பை எடுத்தேன். எட்டுச் சொந்தக்காரர்களின் ரசீதுகள். நான்காமவருடையதில் இருந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி. பட்டறைக்காரரின் கையெழுத்தில் மூன்று வரி.

'ஓட்டுநர் இருக்கை தானாக முன்னால் வருவதாகப் புகார். பின்னால் வைத்து வெல்டிங் செய்யப்பட்டது. நகர்த்தும் கைப்பிடி வெட்டி எடுக்கப்பட்டது.'

மறுபடி ஷெட்டுக்குப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் கைப்பிடி இல்லை. வெட்டிய தழும்பு மட்டும் இருந்தது.

முப்பத்தொரு வருடமாக அங்கே ஒன்றும் இல்லை.

பதினோரு முறை அங்கே கைவிட்டேன். பதினோரு முறையும் ஏதோ ஒன்று என் பிடிக்குள் வந்தது. விரல் தடிமன். சில்லென்று.

கடைசி முறை அது என்னை உடனே விடவில்லை.