என் மகளின் கண்ணிமையைப் பார்த்துச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தாயார் பால்மரம் வெட்டப் போன காலத்தில் தம்பி தங்கைகள் நால்வரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தார். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. பிறகு தோட்டத்து ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளை இருபத்தேழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். அவருக்கென்று பிள்ளை பிறக்கவில்லை.

என் மகள் பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது ரவாங்கில் என் வீட்டுக்கு வந்தார். மகள் அழமாட்டாள், தவழமாட்டாள். வைத்த இடத்தில் இருப்பாள். சோற்றைத் துப்புகிறாள் என்று நாள் முழுக்கப் பசும்பால் புட்டிதான் கொடுத்துவந்தேன்.

“எவ்வளவு சாது பாருக்கா,” என்றேன் பெருமையாக.

அக்கா அவள் கீழிமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“இது சாது இல்லம்மா, சோர்வு. உள்ள செவப்பே இல்ல. நாளைக்கே கிளினிக்குக் கொண்டு போ லா.”

“அவ அப்பா மாதிரி வெள்ளை. பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும்.”

அக்கா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்று மாதம் நான் கிளினிக்குப் போகவில்லை, அக்காவையும் அழைக்கவில்லை. ஒரு காய்ச்சலில் மகளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து அடியோடு குறைந்திருந்ததாம்.

“மூளை வளர்ற வயசும்மா இது. பால் மட்டும் போதாது. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?” என்று தாதி கேட்டார்.

செய்தி எட்டிய மறுநாளே அக்கா வந்தார். ஈரலும் கீரையும் மசித்த கஞ்சியைக் கரண்டி நுனியால் ஊட்டினார். ஒரு மாதம் என்னோடு தங்கி, வேளை தவறாமல் மருந்து கொடுத்தார். ஒரு சொல்கூடக் குத்திக்காட்டவில்லை.

மகள் இரண்டு வயதில்தான் நடந்தாள். இப்போது ஒன்பது வயது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறாள். அந்த மூன்று மாதத்தால்தானா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

அக்கா சிறுநீரக நோயில் படுத்த நாட்களில் அருகில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். “அத விடு. பாப்பா வீட்டுப்பாடம் முடிச்சிட்டாளா?” என்பார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

டயாலிசிஸுக்கு அவரை வேனில் அழைத்துச்சென்ற எங்கள் தாமான் குடியிருப்பு அன்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், அவர் கையில் வளர்ந்து அன்று பிள்ளைகுட்டிகளோடு வந்து நின்ற தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி கூறுகிறது. அவர்களில் பலர் அக்காவை “அம்மா” என்று அழைத்து அழுதார்கள். நான் “அக்கா” என்றுகூட அழைக்க முடியாமல் நின்றேன்.