ஒரு சொம்புத் தண்ணீர்

எங்கள் அண்ணன் தம்பிதுரை வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். எனக்கோ பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். அதனால் அவருடைய கதையையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ் ஓட்டியவர் அவர். ஆழியாறு தாண்டி வண்டி மலையேறத் தொடங்கினால் ஆளே மாறிவிடுவார் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். ஏறுகிற வண்டிக்கு வழிவிடத் தெரியாத கார்க்காரனை இறங்கிப் போய்த் திட்டுவாராம். வீட்டில் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. அட்டகட்டிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, பாறையில் கசிகிற தண்ணீரைப் பிடித்துக் குடிப்பது அவர் வழக்கம். சூலூரில் இருக்கும் எனக்கும் எப்போதாவது ஒரு பாட்டில் கொண்டுவருவார். "குடிச்சுப் பாரு அம்மணி, சில்லுனு இருக்கும்" என்பார். மலையிறங்கி, பொள்ளாச்சி வெயிலில் காய்ந்து, இரண்டு பஸ் மாறி வந்த தண்ணீர் எப்படி இருக்கும்? கொதிக்காததுதான் பாக்கி. நான் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "ஆமாங்ண்ணா, சில்லுனு இருக்குதுங்க" என்பேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அந்த மனுஷன்தான் ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

எங்கள் பக்கம் ஒறம்பரை என்று விருந்தாளி யார் வந்தாலும், வாங்க என்ற கையோடு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். அதைக் குடித்த பிறகுதான் மற்ற பேச்சு. வேண்டாம் என்று சொன்னால், உங்கள் உறவே வேண்டாம் என்றுதான் அர்த்தம். அன்று அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, எனக்கு ஒரு பச்சைச் சேலை. நான் கொடுத்த சொம்பை வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிடவும் உட்காரவில்லை. "வாரனுங்க மாப்ள" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் திருமலைசாமி தறிக்குடோனுக்குள் போய், எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் தறிச் சத்தம்கூட ஆகாது.

"உங்கண்ணனுக்கு நம்மூட்டுத் தண்ணி எறங்கமாட்டீங்குதா? தறி ஓட்டறவன் ஊடுன்னா அவ்வளவு எளப்பமா?"

"அவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றேன். ஆனால் எனக்கே நெஞ்சு எரிந்தது. அந்தப் பச்சைச் சேலையைப் பிரிக்காமலே பீரோவில் போட்டேன். அவர் போனும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ரோஷத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் ஜெயிக்க முடியாது.

மாசி மாதம் அண்ணன் மனைவி புவனா போனில் அழைத்தார். நங்கை என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"உங்கண்ணன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாருங்க அம்மணி. ரெண்டு கிட்னியும் போயிருச்சு. தீபாவளியிலிருந்தே கோயமுத்தூர்ல டயாலிசிஸ் பண்ணிட்டு இருக்கறம். நாளெல்லாம் ரெண்டு டம்ளர் தண்ணிதான். அதுக்கு மேல போனா மூச்சு முட்டுது."

அட கெரகமே! தங்கச்சி வீட்டில் சீக்காளியாக நிற்கக்கூடாது என்று உதட்டை நனைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? நான் கத்திய கத்தலில் நங்கை அழுகையை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் குழாய் சொருகி, மிஷின் பக்கத்தில் படுத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் இதே கட்டில்தான். படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் நர்ஸ் பெண், "என்னங்ண்ணா குடிச்சீங்க?" என்று கேட்கும். அவர் திருட்டு முழி முழிப்பார். என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏனுங்ண்ணா, என்ற ஊட்டுத் தண்ணி கசந்துதாங்க?"

ஜன்னலைப் பார்த்தபடியே, "கனவுல எல்லாம் அட்டகட்டித் தண்ணிதான் வருது அம்மணி" என்றார். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் கோட்டைமேட்டுச் செருப்புக் கடைக்காரர் கரீம் பாய் இருந்தார். "எங்க கதை அதுதாம்மா" என்று சிரித்தார். "வருஷம் முழுக்க நோன்பு. நோன்பு தொறக்கற நேரம் மட்டும் வரவே வராது."

டாக்டர் மாற்றுச் சிறுநீரகம் பற்றிச் சொன்னார். நங்கைக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் மகனிடம் வாங்க, நாங்கள் தலைகீழாக நின்றாலும் அண்ணன் சம்மதிக்க மாட்டார். எனக்குப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வேண்டாம்" என்றார்.

"ஏனுங்க?"

"பொறந்தவன் தங்கச்சிக்குக் குடுக்கோணும். தங்கச்சிகிட்ட வாங்கப்படாது."

சேலை, கரும்பு என்றால் சரி. கிட்னிக்கும் சீர்க் கணக்கா? வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் அசையவில்லை. அப்புறம்தான் இரண்டாவது காரணம் வெளியே வந்தது. மாத்திரை.

டாக்டர் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். புதுக் கிட்னியை உடம்பு அந்நியமாக நினைத்து விரட்டப் பார்க்கும். அப்படி விரட்டாமல் இருக்க, காலையும் மாலையும் ஒருவேளைகூடத் தவறாமல், ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையால் நோயை எதிர்க்கும் சக்தி குறையும். சளி, காய்ச்சல் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் குடிக்கலாம். சிலருக்குச் சர்க்கரை வரும். சிலருக்குக் கை நடுங்கும், அளவைக் குறைத்தால் நடுக்கமும் குறையலாம்.

"கை நடுங்கறவன் கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங் புடிக்க முடியுமா?" என்று கேட்டார் அண்ணன். "மிஷின்ல படுத்தா மலைக்குப் போக நேரமில்ல. மாத்திரையத் தின்னா மலைக்குப் போகக் கையில்ல. எப்படியும் போறது போறதுதான். எதுக்கு உன்ற ஒடம்பையும் அறுத்துக்கறே?"

பேச்சு வராமல் நான் நின்றது அன்று ஒருநாள்தான்.

கரீம் பாய்தான் பேசினார். "எனக்கு என் சம்சாரம் ரம்லா குடுத்தா தம்பி. ஆறு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரையை விட்டுட்டு விட்டுட்டுப் போட்டேன். கிட்னி போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவ ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் தாங்க முடியல."

"அதேதானுங்க பாய்" என்றார் அண்ணன். "அது போச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டு இவ ஊட்டுக்குப் போறது?"

"அட, முழுசாக் கேளுங்க. அந்த ஆறு வருஷமும் வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன். இன்னொருக்கா கெடைக்கும்னா நாளைக்கே போய்ப் படுப்பேன். மாத்திரையை மட்டும் விடமாட்டேன்."

அண்ணன் மிஷினில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, உங்க கல்யாணத்துல இணைச்சீர்ல நின்னது யாருங்க?"

எங்கள் கல்யாணங்களில், மாப்பிள்ளை தாலி கட்டும் முன் அவருடைய தங்கையோ அக்காவோ பக்கத்தில் வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தங்கை கையில். மனைவி வந்தாலும் கூடப் பிறந்தவள் உறவு விட்டுப்போகாது என்பதற்கான சீர் அது. அன்று நான் பாவாடை தடுக்கிவிழாமல் நின்றதே பெரிய காரியம்.

"நீதான்" என்றார்.

"சேலையோட ஒரு நுனி என்ற கையிலதான் இருக்குதுங்க. நான் இன்னும் உடல. நீங்க உட்டுப்போட்டீங்களா?"

அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

இனி நான் கிட்னி கொடுக்க என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். சண்டைக்குத் தயாராகச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டுதான் அவர் முன்னால் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நூல் கண்டையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு நான் என்னென்னமோ பேசிப்போட்டேன். அவரு நம்மூட்டுத் தண்ணிய முழுசாக் குடிக்கோணும். போடறேன்" என்றார். எனக்கு வாய்ப்பில்லாமல் போன சண்டை அது ஒன்றுதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எனக்கு விலாவில் ஒரு தழும்பு. அவருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. கை நடுக்கம் வந்தே வந்தது. டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார். நடுக்கம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. பஸ் முதலாளி அவரைப் பொள்ளாச்சி ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டார். மாஸ்க் கட்டிக்கொண்டு பஸ்களை அனுப்பிவைக்கிறார். வால்பாறை பஸ் கிளம்பும்போது மட்டும் முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார் என்று நங்கை சொன்னார். அதைக் கேட்ட பிறகு, இதில் நான் கொடுத்தது எவ்வளவு, பறித்தது எவ்வளவு என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார். நான் அந்தப் பச்சைச் சேலையை உடுத்தியிருந்தேன். முந்தின நாளே தண்ணீர் காய்ச்சி வைக்க வேண்டும் என்று நினைத்தவள், பொங்கல் வேலையில் மறந்து, காலையில்தான் காய்ச்சினேன். விசிறினேன், ஆற்றினேன், பாத்திரம் மாற்றினேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட அது வெதுவெதுவென்றுதான் இருந்தது. நல்ல நாளில் இப்படிச் சொதப்பிவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து, என் கையிலிருந்த சொம்பை வாங்கித் தானே நீட்டினார். "வாங்க மச்சான்."

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். சொம்பு நடுங்கியது. தண்ணீர் சட்டையில் சிந்தியது. பிடிக்கப் போனேன்.

"உடு அம்மணி."

தலையை அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தவில்லை. சொம்பு காலியானதும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சில்லுனு இருக்குது அம்மணி" என்றார். "இன்னொரு சொம்பு கொண்டா."