அண்ணையின் துவக்கு, தம்பியின் துவக்கு

போன கோடையில், கனடாவில், அஜின்கோர்ட்டில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் குடிபூரல் வைத்தோம். சுவிஸிலிருந்து அண்ணையும் அண்ணியும் வந்தார்கள். அமெரிக்காவில், ஓஹையோவிலிருந்து தம்பி தன் ஒன்பது வயது மகளுடன் காரில் வந்தான். அவன் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பும்போது என் சின்ன மகளையும் இரண்டு கிழமைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவளுக்கும் அதே வயது. பெட்டியை ஒரு மாதத்துக்கு முன்பே அடுக்கி வைத்துவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் ஊரில் நடந்த ஒரே சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவர்கள். ஏஜென்ட் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் வேறு வேறு. அவன் ஆளை மாற்றி இறக்கியிருந்தால் இன்றைக்கு அண்ணையின் இடுப்பில் பிஸ்ரலும் தம்பியின் கையில் பஸ் பாஸும் இருந்திருக்கும். ஆனால் இருவருக்கும் துவக்கைப் பற்றிய தங்கள் கொள்கை தாங்களே யோசித்துக் கண்டுபிடித்தது என்று நினைப்பு.

வந்த நேரத்திலிருந்து தம்பி வலது இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தான். வாய்வுப் பிடிப்பாக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். விஷயம் வேறு. பிஸ்ரலைக் கனடாவுக்குள் கொண்டுவர முடியாது என்று வீட்டிலே விட்டுவிட்டு வந்திருக்கிறான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கூடவே இருக்கிற சாமானாம். அது இல்லாமல் நிற்பது சாரம் கட்டாமல் சந்தியில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

இதைக் கேட்டதும் அண்ணை சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பிரசங்கம் தொடங்கினார். ஐரோப்பாவில் மனிதனுக்கு மனிதன் பயமில்லை, துவக்குப் பிடிக்கிறது பொலிசின் வேலை, உங்கள் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேசைக்குக் கீழே ஒளிக்கப் பழக்குகிறார்கள் என்றெல்லாம் அடுக்கினார். தம்பியும் விடவில்லை. கூப்பிட்டுப் பொலிஸ் வந்து சேரக் கால் மணித்தியாலம், கள்ளன் உள்ளே வர அரை நிமிஷம் என்றான். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்.

“ஊரிலை வெறுங்கையோடை நிண்டு கண்டது காணும் அண்ணை. இனி நிக்கமாட்டன்.”

“அங்கை துவக்கோடை வந்த எல்லாரும் எங்களைக் காப்பாத்த வந்தனாங்கள் எண்டுதான் சொன்னவங்கள்,” என்றார் அண்ணை.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, அண்ணி தன் கவலையைச் சொன்னார். ஆமிப் பயிற்சி முடித்து வந்த மகனின் துவக்கு சப்பாத்து அலுமாரிக்குள் நிற்கிறதாம், கூட்டித் துடைக்கிற நேரமெல்லாம் பெரிய இடைஞ்சலாம். சுவிஸில் அப்படித்தான், பயிற்சிக்குப் போன பெடியள் ஆமித் துவக்கை வீட்டில் வைத்திருப்பார்கள். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அது துவக்கில்லை, அரசாங்கத்தின் சாமான் என்றார். குண்டும் தருவதில்லையாம். தம்பி அன்றைக்கு முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தான்.

நான் நடுவில் இருந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். கனடாக்காரிக்கு அது லேசு. எங்கள் பக்கத்திலும் எப்போதாவது ஒரு சந்தியில் துவக்குச்சூடு நடந்து, பொலிஸ்காரர் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள். அன்றைக்கு நாங்கள் வேறு ரோட்டால் கடைக்குப் போய்வருவோம், அதைப் பற்றிப் பேசமாட்டோம். இதைத்தான் நாங்கள் அமைதி என்கிறோம்.

ஆனால் சிரித்து முடியத்தான் நினைவு வந்தது. என் பிள்ளை போகப்போகும் வீட்டில் அந்தப் பிஸ்ரல் இருக்கிறது. மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் ஓர் அமெரிக்கப் பெண் முன்பு சொல்லியிருக்கிறாள், அங்கே பிள்ளையை விளையாட விடுமுன் வீட்டில் துவக்கு இருக்கிறதா, எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று தாய்மார் நேரே கேட்பார்களாம். எங்கள் ஆட்களுக்குள் அப்படிக் கேட்க முடியுமா? கூடப்பிறந்தவனிடம் கேட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அடுத்த நாள் தேத்தண்ணி ஊற்றும்போது, உந்தச் சாமானைப் பூட்டித்தானே வைக்கிறது என்று பேச்சோடு பேச்சாக விட்டேன்.

“ஓம் அக்கா, இரும்புப் பெட்டியிலை. திறப்பு சாமியறையிலை, பிள்ளையாருக்குப் பின்னாலை.”

என் நகை அலுமாரியைப் பூட்டுகிற திறப்பும் அங்கேதான். அண்ணை வீட்டிலும் அங்கேதான். எங்கள் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் திறப்பை ஒளிக்கிற இடம் அது ஒன்றுதான். மேலே போய், என் மகளுடன் டப்லெட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் மகளிடம், அப்பா திறப்பு எங்கே வைப்பார் என்று கேட்டேன்.

“பிள்ளையார் பிக்சர் பின்னாலை, மாமி. பட் ஸ்டூல் வேணும்,” என்றாள், தலை நிமிராமல்.

அன்று பின்னேரம் என் மகளுக்குக் காய்ச்சல் என்று தம்பியிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பொய் தடுமாறாமல் வந்தது. பயணம் இல்லையென்று அவள் அழுத அழுகையில் கண்ணும் முகமும் சிவந்து, காய்ச்சல் நிஜம்போலவே இருந்தது. தம்பி மருந்தெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏமாற்றத்தோடு புறப்பட்டான். காரின் பின் சீட்டில் அவன் மகள் மட்டும் இருந்து கை காட்டினாள். நானும் காட்டினேன். அவன் மனம் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி.

கார் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. என் பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் போகிறாள்.

உடனே போன் எடுத்தேன். காரை ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தி, இறங்கி நின்று பேசச் சொன்னேன். காய்ச்சல் பொய் என்றும் சொன்னேன், அவன் மகள் சொன்ன ஸ்டூலையும் சொன்னேன். கோபிப்பான், போனை வைப்பான் என்று காத்திருந்தேன்.

“அப்ப எங்கை அக்கா வைக்கிறது?” என்றான் கடைசியில். “அவளுக்குத் தெரியாத இடம் எண்டு எங்கடை வீட்டிலை ஒண்டும் இல்லையே.”