அக்காவுக்குத் தெரியும்

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே 'ஹோட்டல் முதலாளி' என்று போட்டிருக்கிறோம். அந்தச் சொல்லைப் பற்றி உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். ஓராண்டாக நெஞ்சில் கிடக்கிறது.

அக்கா பிறந்தது கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு வீட்டில். பத்தாவதோடு படிப்பு நின்றது, அவராக நிறுத்தவில்லை. தாராபுரத்து மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, இருவருமாகக் காந்திபுரத்தில் ஹோட்டல் தொடங்கினார்கள். லைசென்ஸ் பெண் பெயரில் இருந்தால் வசதி என்று யாரோ சொல்ல, அக்கா பெயரில் எடுத்தார்கள்.

மாடி அறையில் மாமா, அவருடைய தம்பி, நான். எதை வாங்குவது, யாரை வேலைக்கு வைப்பது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அக்கா கீழே சமையல்கட்டில் இருப்பார். கையெழுத்துக்கு மட்டும் காகிதம் படியிறங்கிப் போகும்.

ஆனால் அந்த ஹோட்டல் நடந்தது அக்காவின் காதாலும் மூக்காலும். வெளியே டவுன் பஸ்கள் அலற, உள்ளே கிரைண்டர் ஓடும் ஒலியிலேயே மாவின் பதம் சொல்வார். கொதி வாசத்தில் சாம்பாரின் உப்பைச் சொல்வார். அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் மாடிக்கு வந்தார்.

"ஏனுங்க, இட்லி பாய்லர் சத்தம் சரியில்லீங்க. ஆவி போற வால்வு சிக்கிக்குது. ஒரு நாள் கடையச் சாத்திப்போட்டு மாத்திரலாமுங்க."

"அம்மணி எப்பங்க மெக்கானிக் கடையில சேந்தீங்க?" என்றார் மாமா. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். முகூர்த்த நாள் கூட்டம் போகட்டும் என்றோம். மூன்றாம் முறை அவர் உட்காரவில்லை. "பாய்லர்கிட்ட நிக்கறது சின்னராசு மாஸ்டருங்க. நீங்க இல்லீங்க."

கீழே போய் மாஸ்டரிடம் பாய்லரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "மொதலாளி ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்கம்மா, நிறுத்திப்போடறேன்" என்றாராம் அவர். லைசென்ஸில் இருந்த முதலாளி எதிரே நின்றுகொண்டுதான் இருந்தார்.

நாலாம் நாள், காலை டிபன் நேரத்தில், பாய்லர் வெடித்தது. சின்னராசு மாஸ்டர் பிழைக்கவில்லை.

வழக்கு அக்கா பெயரில் வந்தது. அன்றைக்குத்தான் அவரை எல்லோரும் முதலாளி என்றார்கள்.

"கோளாறு இருந்ததே தெரியாதுன்னு சொல்லிப்போடுங்கம்மா. மாஸ்டரோட கவனக்குறைவுன்னு ஆயிரும்" என்றார் வக்கீல்.

"தெரியுமுங்களே! மூணு வாட்டி சொன்னனே!"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது நான்தான். "நீ அதச் சொன்னீன்னா மாமா உள்ள போயிருவாருக்கா. புள்ளைகள நெனச்சுப் பாரு."

கூண்டில் நின்று அக்கா சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

விடுதலையானார். இறந்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்? பழி மாஸ்டர் மேல் விழுந்தது.

அதன் பிறகு அக்கா அந்தச் சமையல்கட்டில் கால் வைக்கவில்லை. மகளுக்கு வரன் வந்தபோது அபிப்பிராயம் கேட்டோம். "எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு." நோய் முற்றி, அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். அதே பதில். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அதையும் நாங்களே முடிவு செய்தோம். அதுவும் பிழையாய்ப் போனது.

அக்காவை எடுத்த அன்று மாஸ்டரின் மனைவி சரசு வந்திருந்தார். மாலை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏனுங்க, அம்மாவுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா? எங்க ஊட்டுக்காரரு கவனமில்லாமத்தான் செத்தாருங்களா?" வண்டி வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். வண்டி வந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "பொறவு பாக்கலாம் மாப்ள" என்றார். அன்று மாலையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசி மாதங்களில் அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட செவிலியருக்கும், மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அழுத சமையல்கட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சரசு அம்மா, உங்கள் மலரை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அக்காவுக்குத் தெரியும். மாஸ்டர் மேல் ஒரு தவறும் இல்லை. கேட்காமல் சிரித்தவர்கள் மாடியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் இதை எழுதுகிறேன்.