சித்தியின் போர்வைக்கு ஓர் உறை

1. சித்தியின் போர்வைக்கு ஒட்டுத்துணி உறை தைக்க, பழைய பருத்திச் சேலைகளை வெட்டினேன்.
2. தெரியாமல் ஒரு நைலக்ஸ் சேலையும் கலந்திருந்தது.
3. அதைப் பிரித்தபோது விரலில் பட்டென்று பொறி தட்டியது.

சாத்தூர் வீட்டு வாசலில் பட்டாசு கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அப்போது நான் சிறுமி. சித்தி புது நைலக்ஸ் சேலையில் நின்றாள்.

"ஏளா, கல்யாணத்துக்கா போற? ஒரு பொறி போதும், அம்புட்டு பேரும் போயிருவாக. மாத்து!" என்றாள் அம்மா.

"வேன் போயிரும்க்கா. இன்னைக்கு லீவு போட்டுக்கிறேன்."

"சீசன்ல லீவா?"

துவைத்தும் போகாத வெள்ளி நிறப் பட்டாசு மருந்துக் கறையோடு இருந்த தன் பருத்திச் சேலையைக் கொடுத்து, வேனை நிறுத்தி, அம்மாவே அவளை ஏற்றிவிட்டாள். மதியம் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. சித்தி தீக்காயங்களோடு பிழைத்தாள்.

இன்றும் சித்தி எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாள். அம்மா மட்டும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.