தொங்கிக் கிடந்த சிவப்பு ஒயர்

டி.வி.க்கும் சி.டி. பிளேயருக்கும் நடுவே இருப்பது மூன்றே ஒயர்: படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும். அதை மாட்டப் போனவன் மட்டும் லேசில் வீடு திரும்ப முடியாது. டி.வி.க்குப் பின்னால் தலையை நுழைத்து ஒருமுறையாவது தும்மியவர் என்றால் நீங்களும் என் கட்சிதான். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், தண்டையார்பேட்டையில் ஒரு சின்னக் கடையில் எனக்கு இதுதான் வேலை. பிளேயர் விற்ற கையோடு வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுக்க வேண்டும்.

எத்தனையோ வீடுகள் போனேன். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வசந்தா அக்கா வீடு. அவர் கல்யாணமாகி ஆறாம் மாதமே, ஹார்பரில் வேலை பார்த்த அவருடைய அப்பா தவறிவிட்டார். கல்யாண கேசட்டில் கடல்காற்றுக்குப் பூஞ்சை பிடித்து, மிச்சத்தை ஒரு சி.டி.யில் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்பா இனி அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறார். அவர் பேசுவதை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்காகத்தான் அக்கா பிளேயரே வாங்கினார்.

சந்தனம்

நான் போனபோது பிளேயருக்கு மல்லிகைப்பூ சுற்றி, கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். மத்தியான வெயில் திரைச்சீலையில் வடிகட்டி விழுந்து, அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. ஒயரை மாட்டினேன். திரை நீலமானது. அந்த நீலம் எனக்கு எப்போதும் பிடிக்கும். இனி எது வேண்டுமானாலும் வரலாம் என்று தோன்றும். எதுவும் வரவில்லை.

சி.டி.யை வெளியே எடுத்துத் திருப்பினேன். பிளேயர் படிக்க வேண்டிய பளபளப்பான பக்கத்தில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இருப்பதே ஒரு சி.டி.! பழைய பனியன் துணியை நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். அக்காவின் வீட்டுக்காரர், மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் மணி அண்ணன், பக்கத்தில் நின்று சொன்னார்: "லாரி கண்ணாடில பொட்டு வெச்சா லாரி ஓடுது. இதுக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

கறுப்பு வெள்ளை

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். கூறைப்புடவை சாம்பல் நிறம், குங்குமம் கறுப்பு. மணமேடையில் எல்லோரும் பனிக்குள் நடமாடினார்கள். அபசகுனம் என்று அக்கா முகம் வாடிவிட்டது. நான் ஒயரைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றி அரைமணி நேரத்தைத் தொலைத்தேன்.

கடைசியில் ரிமோட்டின் மூலையில் ஒரு குட்டிப் பட்டன் கண்ணில் பட்டது. பிளேயர் வெளிநாட்டு டி.வி.க்குத் தோதாக வைக்கப்பட்டிருந்தது. பட்டனை அமுக்கியதும் குபுக்கென்று கலர் வந்தது. மஞ்சள் சட்டையில் அப்பா, கையில் வெற்றிலைத் தட்டு. அக்கா எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். மணி அண்ணன்தான் பேசினார்: "இம்மா நேரம் போட்டோவுல கீற மாரி இருந்தாரு மாமா. இப்பத்தான் வூட்டுக்குள்ள வந்துகீறாரு."

பாட்டு

கல்யாண வீடியோ முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்புவது அன்றைய ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம். அப்பா வருகிறார், சிரிக்கிறார், வாயசைக்கிறார், ஒலிப்பதோ டூயட். சி.டி. முடியும்வரை மூவரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டுடியோவில் போய்க் கேட்டேன், பாட்டு ஏற்றாத பழைய டேப் எதுவும் இல்லை என்றார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா டி.வி.யை அணைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க நைனா வாயத் தொறந்தாலே எவளோ ஒருத்தி பாடறா, தம்பி."

சிவப்பு

சில மாதம் கழித்து, சத்தமே வரவில்லை என்று மணி அண்ணன் கூப்பிட்டார். உப்புக் காற்றில் வெள்ளை ஒயரின் முனை துருவேறிக் கிடந்தது. அந்தக் கால டி.வி.யில் சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான்; நாங்கள் எல்லோரும் வெள்ளையை மாட்டி, சிவப்பைச் சும்மா தொங்கவிடுவோம். அன்று வேறு வழியில்லாமல் சிவப்பை மாட்டினேன்.

பாட்டு வரவில்லை. பந்தியின் இரைச்சல் வந்தது. பாட்டை வெள்ளை ஒயரில் வரும் பக்கம் மட்டும் ஏற்றி, சிவப்பில் வரும் அசல் சத்தத்தை ஸ்டுடியோக்காரர் அழிக்காமலே விட்டிருக்கிறார்! கரகரத்த குரல் ஒன்று கேட்டது: "மாப்ள வூட்டுக்கு அப்பறம் ஊத்தலாம்பா பாயசம். வசந்தா துன்னுச்சா? மொதல்ல அத்தப் பாரு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமும் அந்தக் குரல் டி.வி.க்குப் பின்னால் தொங்கிக் கிடந்திருக்கிறது. எனக்கும் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொண்டேன். புது வெள்ளை ஒயர் போடட்டுமா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னார்: "வாணாம் தம்பி. பாட்டு எங்க வேணா கெடைக்கும்."

நூறு வீட்டில் சரியான ஒயரை மாட்டி வாங்காத பெயரை, ஒரே ஒரு வீட்டில் தப்பான ஒயரை மாட்டி வாங்கினேன்.